தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுத் திட்டம் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் திட்டம் போட உட்காரும்போது ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. முன்னே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடப்புத்தகம்... மூணும் ஒண்ணுதானே?

இல்லை. குழந்தை பள்ளியில் இருக்கும் நேரம் முழுவதும் எதை, எதற்காக, எப்படிக் கற்க வேண்டும் என்பது கலைத்திட்டம். அதைப் பாடவாரியாகவும் வகுப்புவாரியாகவும் பிரித்தால் பாடத்திட்டம். அதை நடத்தக் கையில் இருக்கும் கருவிகளில் ஒன்று புத்தகம். சத்துணவுக்கு முன் கை கழுவுவது, காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, மைதானம், நூலகம் எல்லாம் கலைத்திட்டத்தில் உண்டு, புத்தகத்தில் இல்லை.

இது வெறும் சொல் வேறுபாடு இல்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009 தன் 29-ஆம் பிரிவில் குழந்தையின் முழுமையான வளர்ச்சியையும், செயல்பாடு வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்பதையும், அச்சமற்ற சூழலையும் கலைத்திட்டத்தின் கடமையாக்கியிருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்ட வகுப்பிலும், ஆண்டு முழுக்க ஒருமுறைகூடக் கத்தரிக்கோல் பிடிக்காத, நான்கு பேர் முன்னால் பேசாத பிள்ளைகள் இருக்கலாம்.

2. டைம் டேபிள்ல எல்லாப் பாடமும் இருக்கு. அதுவே சமநிலைதானே?

அட்டவணையில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு. முதலில் காணாமல் போவது ஓவியம், பிறகு நூலகம், பிறகு விளையாட்டு. இவற்றைப் பெரும்பாலும் நாளின் கடைசிப் பாடவேளையில் போடுகிறோம். இவற்றுக்குத் திருத்த வேண்டிய நோட்டு இல்லை. நடக்காவிட்டால் யாரும் கேட்பதும் இல்லை. கணக்கு மிச்சம் இருந்தால் அந்த நேரம் அதற்குப் போய்விடும். ஓவியத்தைச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றிப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

சமநிலை என்றால் எல்லாவற்றுக்கும் சமபங்கு என்று பொருள் இல்லை. ஒரு பாடத்துக்கு உள்ளேயும் அது வேண்டும். தமிழுக்கு வாரம் ஒன்பது பாடவேளை கொடுத்து ஒன்பதிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதவைத்தால், கேட்டல், பேசல், படித்தல் மூன்றும் பட்டினி கிடக்கின்றன.

3. சரி, எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியட்? நம்பரா சொல்லுங்க.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். நாளுக்கு 4 மணி. எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் நாளுக்கு 5 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. சட்டம் கேட்கும் அடிமட்டத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘நேரமே இல்லை’ என்பது பல சமயம் நேரம் சிதறுவதைத்தான் குறிக்கிறது.

வாரம் 40 பாடவேளையில் நாங்கள் பரிந்துரைப்பது: தமிழ் 9, கணக்கு 8, ஆங்கிலம் 6, சூழ்நிலையியல் 7 (மூன்றாம் வகுப்பு முதல் இது அறிவியல், சமூக அறிவியல் என்று பிரியும், 4, 3 என்று பங்கிடுங்கள்), உடற்கல்வி 4, கலை 3, நூலகம் 2, தோட்டம் அல்லது கைவேலை 1. இது அரசாணை இல்லை, தொடங்குவதற்கு ஒரு கணக்கு. உங்கள் வட்டாரத்துக்கு வேறு அட்டவணை வந்திருந்தால் அதன் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, சிறிய பாடங்களின் இடத்தை மட்டும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 40 நிமிடம் ஒரே வேலை தாங்காது. ஒவ்வொன்றையும் 20, 20 என்று உடைத்து, உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பின் உடம்பு அசையும் வேலையை வையுங்கள்.

4. பிள்ளைங்களுக்கு எழுத்தே கூட்டத் தெரியல. இதுல பாட்டும் படமும் செடியும் எதுக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதற்குப் பின்னால் இருப்பது உண்மையான கவலை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதற்காகத்தான் வந்தது. தினமும் 40 நிமிடம் எழுத்துப் பயிற்சி, யார் வந்தாலும் எது நடந்தாலும் நிற்கக் கூடாது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் படிப்பதற்கு இரண்டு கால். ஒன்று, எழுத்தை ஒலியாக்கிக் கூட்டுவது. இன்னொன்று, அப்படிக் கூட்டிய சொல் என்ன என்று தெரிந்திருப்பது. தருமபுரிப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘து-றை-மு-க-ம்’ என்று பிழையில்லாமல் கூட்டிவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அதன் மனத்தில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பது சமூக அறிவியலும் கதையும் படமும்தான். சூழ்நிலையியலை வெட்டி எழுத்துக்குக் கொடுத்தால், இரண்டாம் வகுப்பில் ஏறுவதுபோலத் தெரியும் வாசிப்பு நான்காம் வகுப்பில் பாடம் கனக்கும்போது நின்றுவிடும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். எழுத்துக்கு என்று ஒதுக்கிய நேரம் எழுத்துக்குத்தான் போகிறதா? 247 எழுத்தையும் வரிசையாக எழுதவைப்பது படிப்பு ஆகாது. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் படிக்க முடியும். வாரம் நான்கைந்து எழுத்து, அவற்றால் அமையும் பத்துச் சொல், அந்தச் சொற்களில் இரண்டு வாக்கியம். அந்தத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்திலிருந்து நடப்பதற்காக. அரும்பிலிருக்கும் பிள்ளையைக் கலை வகுப்பிலிருந்து பிடித்து உட்காரவைத்து எழுதவைக்காதீர்கள். அது மற்றவர்களுக்குச் சமமாக நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

5. ஆண்டுத் திட்டத்தை எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நாட்காட்டியிலிருந்து. 200 நாளை மூன்று பருவத்துக்குப் பங்கிட்டால் பருவத்துக்கு 66 நாள் தேறும். அதில் 56 நாளுக்கு மட்டும் பாடம் போடுங்கள். மீதி பத்து நாள் மழை விடுமுறைக்கும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் போகும். 66 நாளுக்கும் நிரப்பிய திட்டம் முதல் மாதத்திலேயே பின்தங்கும். பின்தங்கியவுடன் விழுவது 2-ஆம் கேள்வியில் சொன்ன சிறிய பாடங்கள்தான். இரண்டாம் பருவம் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வருவதால் கடலோர மாவட்டங்கள் இன்னும் நான்கைந்து நாள் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தப் பருவத்தின் கற்றல் விளைவுகளை (பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பவற்றை) எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: அடுத்த பருவத்துக்கு இது இல்லாமல் முடியாது, மேல் வகுப்பில் மறுபடி வரும், தெரிந்தால் நல்லது. முதல் வகையைப் பருவத்தின் முன்பாதியில் வையுங்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து எந்தப் பாடம் எந்த விளைவுக்கு உதவும் என்று பொருத்துங்கள். புத்தகத்தை முதலில் திறந்தால் பக்க எண்தான் திட்டமாகும்.

கடைசியாக ஊரைப் பாருங்கள். நாற்று நடவு, அறுவடை, திருவிழா எந்த மாதம்? தாவரப் பாடத்தை வயலில் ஒன்றுமே இல்லாத மாதத்தில் வைப்பதில் பயனில்லை. பாடங்களை ஒரே பருவத்துக்குள் முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள், பருவம் தாண்டி மாற்றாதீர்கள். தொகுத்தறி மதிப்பீடு (பருவ இறுதித் தேர்வு) அந்தந்தப் பருவத்துக்குரிய பகுதியிலிருந்துதான் வரும்.

6. ஒரே கருப்பொருளை வச்சு எல்லாப் பாடத்தையும் நடத்திடலாமா?

எல்லாவற்றையும் முடியாது. மூன்று பாடம் வரை அழகாகச் சேரும். வாரச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில், ஒரு கை அள்ளிய தக்காளி எத்தனை கிராம் என்று முதலில் ஊகம், பிறகு தராசு. ஊகத்துக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே கழித்துப் பார்ப்பார்கள். சமூக அறிவியலில், சின்ன வெங்காயம் பெரம்பலூரிலிருந்தும் கேரட் நீலகிரியிலிருந்தும் வந்த வழியை வரைபடத்தில் நூலால் ஒட்டுவார்கள். தமிழில், விற்பவரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதி, பதிலைக் கேட்டு வந்து சொல்வார்கள். இரண்டு வாரம் போதும், அதற்கு மேல் இழுத்தால் சலித்துவிடும்.

கோளாறு வரும் இடம் கணக்கு. கணக்குக்குத் தனக்கென்று ஒரு படிவரிசை இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் இரண்டிலக்கக் கழித்தலில் தடுமாறும்போது, சந்தை என்பதற்காக வகுத்தலைக் கொண்டுவந்து திணிக்கக் கூடாது. ‘கத்தரிக்காயை வரை’ என்று ஒரு வரி சேர்ப்பதும் கலைப்பாடம் ஆகாது. அந்தப் பாடத்தில் புதிதாக ஒன்று கற்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை விட்டுவிட்டுத் தனியாகவே நடத்துங்கள்.

7. எனக்கு வரையவும் வராது, பாடவும் வராது. கலைப் பாடத்த நான் எப்படி எடுக்கிறது?

நீங்கள் கரும்பலகையில் ஒரு மயில் வரைந்தால் முப்பது பேரும் அந்த மயிலையே வரைவார்கள். எனவே வரையத் தெரியாதது பெரிய குறை இல்லை. உங்கள் வேலை பொருளைத் தயார் செய்வதும், ஆண்டுக்கு ஆண்டு படி ஏறுகிறதா என்று பார்ப்பதும். முதல் வகுப்பில் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுதல், இரண்டில் கோட்டின்மேல் கத்தரித்தல், மூன்றில் மஞ்சளும் நீலமும் கலந்து எத்தனை பச்சை எடுக்க முடியும் என்று பார்த்தல், நான்கிலும் ஐந்திலும் களிமண்ணும் கோலமும். ஐந்தாண்டும் ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டுவது கலைப்பாடம் இல்லை.

களிமண்ணுக்கு: குளத்து மண்ணை உடைத்துச் சலித்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. உருட்டிய திரியை விரலில் சுற்றும்போது வெடித்தால் தண்ணீர் போதவில்லை. பிள்ளைக்கு ஒரு ஆரஞ்சுப் பழ அளவு போதும். செய்த பொம்மையை வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் சுருங்கிப் பிளக்கும். நிழலில் மூன்று நாள் காயட்டும்.

கோலத்தில் மூன்று புள்ளி மூன்று வரிசையில் தொடங்கி ஐந்துக்கு ஐந்து போகலாம். ஆண் பிள்ளைகளும் போட வேண்டும். பாட்டுக்கும் கும்மிக்கும் பறைக்கும் ஊரில் ஆள் இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பருவத்துக்கு இரண்டு முறை வந்தாலே பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

8. விளையாட்டு பீரியட்ல வெளிய விட்டாப் போதாதா? அவங்களே விளையாடிக்குவாங்க.

விளையாடுவார்கள், எட்டுப் பேர். ஓடத் தெரிந்த பையன்கள் பந்தை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். 40 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் எல்லாரும் செய்யும் ஓட்டமும் குதித்தலும், அடுத்த 15 நிமிடம் ஒரு திறன் (எறிதல், பிடித்தல், ஒற்றைக்காலில் நிற்றல்), கடைசி 15 நிமிடம் விருப்ப விளையாட்டு. மூன்று பேருக்கு ஒரு பந்து வேண்டும். இல்லாவிட்டால் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து போதும். முப்பது பேருக்கு ஒரு பந்து என்றால் நடப்பது வரிசையில் நிற்கும் பயிற்சிதான்.

9. விதை முளைக்கிறது மூணாவதுலயும் வருது, அஞ்சாவதுலயும் வருது. அதையே எதுக்குத் திரும்ப நடத்தணும்?

தலைப்பு ஒன்றுதான், கேள்வி வேறு. ஒன்றாம் வகுப்பில் ‘என்ன பார்த்தாய்?’ மூன்றில் ‘எது இல்லாவிட்டால் முளைக்காது?’ ஐந்தில் ‘எவ்வளவு, எத்தனை நாளில், உனக்கு எப்படித் தெரியும்?’ முந்திய வகுப்பில் என்ன செய்தார்கள் என்று அந்த ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்காததால்தான் மூன்று முறையும் பஞ்சில் பயறு வைத்துவிட்டு முடிக்கிறோம்.

மூன்றாம் வகுப்புச் சோதனையைக் கிட்ட நின்று பாருங்கள். பச்சைப்பயறை இரவில் ஊறவைத்து, நான்கு தேங்காய்ச் சிரட்டையில் பத்துப் பத்தாகப் போடுங்கள். முதல் சிரட்டையில் ஈரத்துணி, வெளிச்சம். இரண்டாவதில் ஈரத்துணி, மேலே மூடி. மூன்றாவதில் ஊறவைக்காத பயறு, காய்ந்த துணி. நான்காவதில் பயறு மூழ்கும் அளவு தண்ணீர். காய்ந்தது அப்படியே கிடக்கும். மூழ்கியது முளைவிடத் தொடங்கினாலும் காற்றுப் போதாமல் அழுகி நாறும். மூடியதோ வெளிச்சத்தில் இருப்பதைவிட உயரமாக, வெளிறிப்போய் வளரும். ஐந்தாம் நாள் நிறுத்தினால் ‘இருட்டுதான் செடிக்கு நல்லது’ என்று வகுப்பே முடிவு கட்டும். ஆசிரியர் இங்கேதான் பதறி, சரியான விடையை எழுதிப்போடுகிறார். பதறாமல் இரண்டு வாரம் விடுங்கள். விதையில் இருந்த சாப்பாடு தீர்ந்ததும் வெளிறிய செடி துவண்டு சாயும். முளைக்க வெளிச்சம் வேண்டாம், வளர வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். அதற்காகத் திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஐந்து பாடவேளையை அடுத்தடுத்து வைக்காமல், மூன்று வாரத்துக்குப் பரவலாகப் போடுங்கள்.

10. இங்கிலீஷ்க்கு இன்னும் நாலு பீரியட் கூட்டுங்கன்னு பெற்றோர் கேக்கறாங்க. என்ன சொல்ல?

அவர்கள் ஆசை நியாயமானது. நேரத்தைக் கூட்டாமல் பங்கீட்டை மாற்றுங்கள். வாரம் ஆறு பாடவேளையை ஒரே மூச்சில் நடத்துவதைவிட, நாளுக்கு இரண்டு முறை இருபத்துநான்கு நிமிடம் காதில் விழுவதும் வாயில் வருவதும் அதிகம் நிற்கும். பெற்றோர் கூட்டத்தில் நோட்டைக் காட்டாமல், பிள்ளையை நான்கு வாக்கியம் பேசவிடுங்கள்.

கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் நடத்தினால் இரண்டும் போகும், ஆங்கிலமும் வராது. இயன்றவரை தாய்மொழி வழியில் கற்பிக்க வேண்டும் என்று 1-ஆம் கேள்வியில் சொன்ன அதே 29-ஆம் பிரிவு சொல்கிறது.

11. ஈராசிரியர் பள்ளி சார். அஞ்சு வகுப்பு, ரெண்டு பேரு. இதெல்லாம் நடக்குற காரியமா?

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. அதனால் இது விதிவிலக்கு இல்லை, இப்படித்தான் ஏராளமான பள்ளிகள் நடக்கின்றன. ஒருவர் 1 முதல் 3, மற்றவர் 4, 5. மூன்று வகுப்புக் கூடத்தில் ஒரு பாடவேளை இப்படி ஓடட்டும்: முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் பொதுவான பேச்சு அல்லது கதை, பிறகு ஒவ்வொரு வகுப்போடும் 10 நிமிடம் நேரடியாக. மற்ற இரண்டு வகுப்பும் அப்போது தாமே செய்யும் வேலையில் இருக்கும். அந்த வேலை முந்தைய நாளே தயாராக இல்லாவிட்டால் எல்லாம் குலையும். வகுப்புக்குப் பத்து எண்ணிட்ட அட்டை வையுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர், பிறகு குழுத் தலைவர், அப்புறம்தான் ஆசிரியர் என்ற பழக்கத்துக்கு ஜூன் மாதத்தையே செலவிடுங்கள்.

கலை, உடற்கல்வி, நூலகம் மூன்றையும் ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே நடத்துங்கள். பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஜோடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பு இயக்கப் புத்தகத்தை (நிலைவாரியாகப் பிரித்த சிறு கதைப் புத்தகம்) ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக்காட்டும்போது இருவருக்கும் பயன். கடினமான ‘பற’ நிலைப் புத்தகத்தில் திணறும் பெரிய பிள்ளை, எளிய ‘நுழை’ நிலைப் புத்தகத்தைக் கூச்சமில்லாமல் எடுக்க அது ஒரு வழியும்கூட.

12. எங்க பிள்ளைங்க வீட்டுல தமிழே பேசறதில்ல. அவங்களுக்கு எப்படித் திட்டம் போடறது?

ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம். நீலகிரியில் இருளர் மொழி. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடியா. இந்தப் பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் போடுவதுதான் முதல் தவறு. மொழி புதிது, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் எழுத்தை அவசரப்படுத்தாமல் பேச்சுக்குக் கொடுங்கள். அவர்கள் மொழியில் ஐம்பது சொல்லை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், வலி, பசி, அம்மா, வா, காட்டு. கதையை முதலில் அவர்கள் மொழியிலேயே ஒருவருக்கொருவர் சொல்லட்டும்.

சொல் குறைவாகத் தேவைப்படும் கணக்கு, களிமண், பாட்டு, விளையாட்டு ஆகியவற்றில் அந்தப் பிள்ளையின் திறமை முதல் வாரமே தெரியும். கலை வகுப்பைப் பற்றி 4-ஆம் கேள்வியில் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

13. பாட்டுக்கும் படத்துக்கும் மார்க் போடணுமா?

அழகுக்குப் போடாதீர்கள். முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் நடுவே நடப்பது) 40, தொகுத்தறிக்கு 60. வளரறியில் பாதி செயல்பாட்டுக்கானது. 7-ஆம் கேள்வியின் கோலத்தைக் கணக்கின் சமச்சீர் செயல்பாடாகவும், 9-ஆம் கேள்வியின் சிரட்டையை அறிவியல் செயல்பாடாகவும் எழுதிக்கொள்ளலாம். கலைக்கென்று தனியாக வேண்டுவது ஒரு கோப்பு. ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று பிள்ளையின் மூன்று படங்களைத் தேதி போட்டு வையுங்கள்.

14. பாடம் முடியல, பரீட்சை வருது. எதைத் தள்ளலாம்?

பாடத்தைத் தள்ளாதீர்கள், பாடத்துக்கு உள்ளே தள்ளுங்கள். 5-ஆம் கேள்வியில் பிரித்த மூன்றாம் வகையை வாசித்துப் பேசுவதோடு விடலாம். இரண்டாம் வகையில் ஒரே மாதிரியான பத்துப் பயிற்சிக்கு மூன்று போதும். வினாவிடையை நோட்டில் பெயர்த்தெழுதும் வேலையை நிறுத்தினாலே பெரும்பாலான வகுப்புகளில் வாரம் மூன்று பாடவேளை மிஞ்சும். இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், வாசிப்பு ஆகியவை முதல் வகை. அவற்றை அரைகுறையாக விட்டு மேலே போனால் அடுத்த வகுப்பு ஆசிரியரின் ஜூன், ஜூலை அதற்கே சரியாகிவிடும்.

15. திட்டம் சரியாப் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். வாரத்துக்கு ஒரு வரி. வேறு பாடம் எடுத்துக்கொண்ட பாடவேளையை அன்றே சிவப்பில் குறியுங்கள், காரணத்தோடு. ஒரே பாடம் மாதத்தில் மூன்று முறை சிவப்பானால் அதன் கிழமையையும் மணியையும் மாற்றுங்கள். தலைமையாசிரியர் பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திடும்போது இந்தத் தாளையும் பார்க்கட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை மூன்று பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்: நிறையப் பேசுகிற ஒருவர், வாயே திறக்காத ஒருவர், அடிக்கடி வராத ஒருவர். ‘இந்த வாரம் புதுசா என்ன பாத்த? கையால என்ன செஞ்ச? யார்கூடச் சேர்ந்து செஞ்ச?’ என்று கேளுங்கள். பேசாத பிள்ளையிடமிருந்து ‘எழுதினேன்’ என்ற பதில் மட்டும் வந்தால், வரும் திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பை அன்று மாலையே திருத்தி எழுதுங்கள்.